பால்வாளியின் மேல் ஒரு குட்டிக் கீபோர்ட்

மகளின் துணிப்பைக்குள் கையை விட்டு, நாப்கின்களுக்கும் பால்போத்தலுக்கும் நடுவில் கிடந்த என் கீபோர்டை வெளியே எடுத்துக் கடை மேசை மேல் வைத்தேன்.

குருவிட்ட டவுனில் போட்டோ கொப்பி எடுத்து, கடிதம் டைப் செய்து, பாஸ்போர்ட் படமும் பிடித்துக் கொடுக்கிற சின்னக் கடை அது. முதலாளி சிங்களவர். நல்ல உயரம், அதைவிட நல்ல அகலம். எல்லோரையும் போல நானும் அவரை மாத்தயா, அதாவது ஐயா, என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை நங்கி, தங்கச்சி, என்பார்.

அவர் கீபோர்டைப் பார்த்தார். பையைப் பார்த்தார். இன்னொன்று வரும் என்று எதிர்பார்த்தவர் போல பைக்குள்ளும் எட்டிப் பார்த்தார்.

"என்னா நங்கி இது?"

"கீபோர்ட், மாத்தயா."

"அது தெரியுது. இதுட அம்மா எங்க?"

கொப்பி எடுக்க நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். சிரிக்காவிட்டால் கோபக்காரி என்று நினைத்து வேலை தராமல் விட்டால் என்ன செய்வது?

கீபோர்டுடன் சேர்ந்து பையிலிருந்து ஒரு புளித்த வாடையும் வந்தது. கழுவாத நாப்கின் ஒன்றை மறந்து வைத்துவிட்டேனோ என்று எனக்குக் காது வரை சூடேறியது. மகளை லயத்தில், எங்கள் தோட்டத்து வரிசை வீட்டில், விட்டுவிட்டு, அவளுடைய பையை மட்டும் தூக்கிக்கொண்டு வந்திருந்தேன். எங்கள் வீட்டில் சிப் ஒழுங்காக மூடுகிற பை அது ஒன்றுதான்.

அது நாப்கின் வாடை இல்லை. ஆனால் அதைச் சொல்ல வேண்டுமானால், நான் ஏன் சொந்தக் கீபோர்டோடு வேலை கேட்கப் போனேன் என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

பெரிய மனிதர்களுக்கு அளந்தது

இந்தத் தொடரில் மகளுக்கு மொட்டை அடித்த கதையைப் போன வாரம் படித்த வாசகி ஒருவர், "நீங்கள் எல்லாவற்றுக்கும் இப்படித்தான் பயப்படுவீர்களா?" என்று கேட்டிருந்தார். அவர் அதை அக்கறையாகக் கேட்டாரா, கிண்டலாகக் கேட்டாரா என்று வாரம் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். அப்படி யோசித்ததே அவருக்கான பதில் என்று நினைக்கிறேன்.

அந்தக் கடைக்கு நான் போனது அது இரண்டாவது தடவை. முதல் தடவை போனது அதற்கு முந்திய வாரம். தோட்டங்களிலிருந்து வருகிறவர்களுக்குத் தமிழில் கடிதம் டைப் செய்து கொடுக்க ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். மாத்தயாவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அப்படியானால் எப்படிச் சோதிப்பார் என்று எனக்கு யோசனை. அவர் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்.

ஏற்கெனவே அச்சடித்த ஒரு தமிழ்க் கடிதத்தைக் கொடுத்தார். அதைப் பார்த்து அதே அளவு எழுத்தில் நான் டைப் செய்ய வேண்டும். அச்செடுத்ததும் இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். எழுத்தின் மேல் எழுத்து உட்கார்ந்திருந்தால் பாஸ்.

என் தாளைப் பிடித்துப் பார்த்தபோது முதல் வரியிலேயே எழுத்துகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. பேரன்ட்ஸ் மீட்டிங் முடிந்து எல்லோரும் ஒரே கதவால் வெளியே வருவது போல இருந்தது.

"நங்கி, இதுல நெறைய ஆள் கூடி இருக்கு தானே?" என்றார் மாத்தயா, வருத்தத்தோடு.

தப்பு எனதுதான். ஆனால் அந்தக் கீபோர்டையும் நீங்கள் பார்க்க வேண்டும். பழையது, கனமானது. ஒவ்வொரு பொத்தானும் தனித்தனி மேடாக நின்றது. மேட்டுக்கும் மேட்டுக்கும் நடுவே என் விரல் போய் விழுந்துகொண்டே இருந்தது. நடுவிரலை வைத்துக்கொண்டு சின்ன விரலை ஓரத்துக்கு நீட்டினால் நடுவிரல் இடம் மாறும். அதைச் சரியாக்கினால் சின்ன விரல் பாதி வழியில் நிற்கும். அரைப் பக்கம் அடிப்பதற்குள் மணிக்கட்டு வெளிப்பக்கமாக வளைந்து, கை ஈரத் துணியைப் பிழிந்த மாதிரி ஆகிவிட்டது.

"திங்கட்கெழம இன்னொரு தடவ வாங்க" என்றார். வேறு யாரும் வரவில்லை போலிருக்கிறது. அல்லது என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டிருக்கலாம். எது என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்ததில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டேன்.

கழுவி வைத்த வாளி

வீட்டுக்கு வந்ததும் வாசலில் பார்த்தது, கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த ஒரு பால்வாளியை.

எங்கள் தோட்டத்தில் தேயிலையும் உண்டு, ரப்பரும் உண்டு. என் மாமியார் ரப்பரில் பால் வெட்டுகிறவர். அடுத்த மாதத்தோடு ஓய்வு. அதற்குப் பிறகு அவர் வீட்டிலிருந்து பேத்தியைப் பார்த்துக்கொள்வார், நான் சம்பாதிக்க வேண்டும் என்பது முன்பே முடிவான விஷயம். டவுனில் வேலை கிடைத்தால் டைப்பிங். கிடைக்காவிட்டால் பால்வெட்டில் என் பேர் போட வேண்டும்.

பால் வெட்டுவதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் அதற்கு விடிவதற்கு முன்பே மலைக்குப் போக வேண்டும். என் மகள் கண் விழித்ததும் முதலில் என் மூக்கைப் பிடித்துப் பார்ப்பாள். மூக்கு இருந்தால் சிரிப்பாள். நான் பயந்ததெல்லாம் அந்த ஒரு நேரத்துக்காகத்தான். அவள் கை நீட்டும்போது மூக்கு அங்கே இல்லாமல் போய்விடும்.

"என்னங்கத்தை, புது வாளியா?" என்று கேட்டேன்.

"சும்மா கழுவி வச்சேன்."

"எனக்கா?"

"நான் ஒன்னும் சொல்லலியே. கழுவித்தானே வச்சேன்."

என் மாமியார் இப்படித்தான். அவர் வாயால் எதுவும் சொல்லமாட்டார். பாத்திரங்களை வைத்துச் சொல்வார்.

பிஸ்கட் பெட்டி மூடி

என் கீபோர்ட் ஏன் இவ்வளவு சின்னது என்று கடையில் எல்லோரும் கேட்டதால் அதையும் சொல்லிவிடுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் உயர்தரம் முடித்த கையோடு இரத்தினபுரியில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்தேன். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. பழகுவதற்காக ஒரு பிஸ்கட் பெட்டியின் மட்டை மூடியில் கீபோர்டை வரைந்துகொண்டேன். மூடி எவ்வளவோ அவ்வளவுக்குத்தானே வரைய முடியும்? கட்டங்களைச் சுருக்கி நெருக்கி வரைந்து, அதன்மேல் தட்டித் தட்டிப் பழகினேன். வகுப்பில் இருந்த கீபோர்டில் மட்டும் கை வலித்தது. "விரல் நீளணும், பயிற்சி போதாது" என்றார் மிஸ். விரல் எப்படி நீளும் என்று கேட்கப் பயந்து, நானும் மூடியில் இன்னும் கூடுதலாகத் தட்டினேன்.

கல்யாணமான பிறகு என் கணவர் ரமேஷ் அந்த மூடியைப் பெட்டிக்கு அடியில் பார்த்துவிட்டு மூன்று நாள் சிரித்தார். நான்காம் நாளோ எப்போதோ, இரத்தினபுரி நடைபாதையில் அதே அளவில் நிஜக் கீபோர்ட் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். போனோடு மாட்டுவதற்கு ஒரு குட்டி வயரும் வாங்கியிருந்தார். தமிழ் எழுத்து ஸ்டிக்கர்களை இருவரும் உட்கார்ந்து ஒட்டினோம். எனக்கு அவர் வாங்கித் தந்தவற்றிலேயே அழகானது அதுதான். நெக்லஸ் உட்பட. இதை அவர் படிக்கமாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

லயம் முழுக்க வைத்தியர்கள்

கடையில் நான் தோற்றுவிட்டு வந்த செய்தி, நான் முகம் கழுவி முடிப்பதற்குள் லயத்தின் அந்தக் கடைசிக் காம்பரா வீடு வரை போய்விட்டது. பிறகு எல்லோரும் வந்து கீபோர்டைத் தூக்கிப் பார்த்தார்கள்.

தோளிலிருந்து மணிக்கட்டு வரை எனக்கு ஏற்கெனவே ஒரு வலி இருந்தது. மகள் பிறந்த பிறகு வீட்டில் டைப் பண்ணிப் பழகத் தொடங்கிய நாளிலிருந்து அது உண்டு. அதையும் இதையும் சேர்த்து எல்லோரும் ஒரே தீர்ப்பைச் சொன்னார்கள்: பொத்தான்கள் நெருக்கமாக இருக்கின்றன.

"இந்தா பாரு, ஒன்னு மேல ஒன்னு ஏறி உக்காந்திருக்கு" என்றார் பக்கத்துக் காம்பரா மேரி அக்கா. "நம்ம லயம் மாதிரி."

"ரப்பர் மரம் வைக்கிறப்போ எவ்வளவு எடம் விட்டு வைக்கிறான்" என்றார் மாமியார், வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு. "மரத்துக்கு விட்ட எடத்த மனுசனுக்கு விடல. பொத்தானுக்கா விடப்போறான்?"

என் கணவர் மட்டும் கீபோர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் தோட்டத்து நர்சரியில் வேலை செய்கிறார். நெருக்கமாக முளைத்த ரப்பர் கன்றுகளில் ஆகாததைப் பிடுங்கி, மீதிக்குக் காற்றும் வெளிச்சமும் கிடைக்கச் செய்வது அவருடைய தினசரி வேலை. அவர் கீபோர்டைப் பார்த்த பார்வை எனக்கு அப்போதே பிடிக்கவில்லை.

அடுத்த நாள் பின்னேரம் மகளைக் குளிப்பாட்டிவிட்டு வந்து பார்த்தால், அவர் மடியில் என் கீபோர்ட், கையில் கரண்டிக் காம்பு. பக்கத்தில் ஒரு தேங்காய்ச் சிரட்டை நிறையப் பிடுங்கிய பொத்தான்கள்.

"ஐயோ! என்னங்க பண்ணுறீங்க?"

"கிளியர் பண்ணுறேன் கலா. தமிழ் எழுத்து ஒட்டாத பொத்தானெல்லாம் சும்மாதானே நிக்குது? அதுகள எடுத்தா மத்ததுக்கு எடம் கெடைக்கும்."

"கீபோர்டுல எப்படிங்க எடம் கெடைக்கும்? அதது நின்ன எடத்துலதான நிக்கும்?"

அவர் ஒரு கணம் யோசித்தார். அந்தக் கோணத்தை அவர் நினைத்துப் பார்க்கவில்லை என்று தெரிந்தது. ஆனால் பாதிக் கிளியரிங்கில் நிறுத்துகிற பழக்கம் நர்சரிக்காரர்களுக்குக் கிடையாது.

நீளமாக இருந்த எண்டர், ஷிஃப்ட், ஸ்பேஸ் எல்லாம் தப்பித்திருந்தன. அவற்றிலும் தமிழ் எழுத்து இல்லையே என்று கேட்டேன்.

"அதெல்லாம் பெரிய ஆளுங்க புள்ள. தொரை, கணக்கப்புள்ள மாதிரி. அவங்கள எப்படிப் புடுங்குறது?"

இவ்வளவு சேதத்துக்கு நடுவிலும் அவருக்கு ஒரு சந்தோஷம் கிடைத்திருந்தது. பிடுங்கிய ஒவ்வொரு பொத்தானுக்கும் அடியில் குட்டிக் கிண்ணம் போல ஒரு ரப்பர். விரலை எடுத்ததும் பொத்தானை மேலே தள்ளிவிடுவது அதுதானாம். "பாத்தியா, நம்ம பால் எங்கெங்க போகுதுன்னு" என்று மாமியாரிடம் காட்டினார். மாமியார் அதை அழுத்திப் பார்த்து, "நான் வெட்டுனதா இருக்காது. இது சொத்தையா இருக்கு" என்றார்.

நான் சிரட்டையில் இருந்தவற்றை ஓட்டைகளோடு வைத்து எண்ணினேன். ஒன்று குறைந்தது.

மகள் சிரட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எதையோ மென்றுகொண்டிருந்தாள்.

காணாமல் போன பொத்தான்

அவள் வாயைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தேன். கடித்துவிட்டாள். நாக்குக்கு அடியில் பார்த்தேன், கன்னத்துக்குள் பார்த்தேன். கிடைத்தது ஒரு ரொட்டித் துண்டு. அது எப்போது சாப்பிட்ட ரொட்டி என்பது இன்னொரு கவலை.

"முழுங்கியிருந்தா தன்னால வந்துரும். வாழப்பழம் குடு" என்றார் மேரி அக்கா.

வாழைப்பழம் கொடுத்தேன். கொடுத்தது சரியா, அதுவே பொத்தானை இன்னும் உள்ளே தள்ளிவிடுமா என்று அடுத்த கவலை வந்தது. டவுன் ஆஸ்பத்திரிக்குப் போவது என்று முடிவு செய்து, பையில் நாப்கின் எல்லாம் எடுத்து வைத்துவிட்டு, "ஒரு த்ரீவீலர் பிடிங்க" என்று கத்தினேன்.

அவர் அவசரமாகச் சட்டை போடக் கையைத் தூக்கினார். அவருடைய முழங்கையில், நர்சரியில் ஒட்டிய ரப்பர் பிசினின் மேல், என் பொத்தான் பத்திரமாக ஒட்டிக்கொண்டிருந்தது.

நான் பையைக் கீழே வைத்தேன். மகள் இன்னொரு வாழைப்பழம் கேட்டாள்.

மடியில் தூங்கியதால்

இனி உண்மையான காரணத்துக்கு வருகிறேன். அது எனக்குத் தெரிந்தது தற்செயலாகத்தான்.

வீட்டில் நான் டைப் பண்ணிப் பழகியது உட்கார்ந்து அல்ல. மகள் தவழத் தொடங்கியதும் கீபோர்டை எட்டிப் பிடித்து நக்கத் தொடங்கினாள். அதனால் அதை அடுப்படியில் சாமான் அடுக்குகிற ராக்கைக்கு மேலே ஏற்றிவிட்டேன். சீனி டின்னில் போனைச் சாய்த்து வைத்து, நின்றுகொண்டு, இரண்டு கையையும் நெஞ்சுக்கு மேலே தூக்கித்தான் டைப் பண்ணுவேன். கொடியில் துணி போடுகிறவள் மாதிரி. ஒரு கண் போனில், ஒரு கண் மகளில்.

ஞாயிற்றுக்கிழமை காலை மகள் என் மடியிலேயே தூங்கிவிட்டாள். எழுந்தால் விழிப்பாள். மறுநாள் கடைக்குப் போக வேண்டும், பழகவும் வேண்டும். கைக்கு எட்டிய தூரத்தில் மாமியாரின் கழுவி வைத்த வாளி. அதைக் காலால் இழுத்து, அதன்மேல் ரொட்டிப் பலகையை வைத்து, பல் போன கீபோர்டை அதன்மேல் வைத்தேன்.

கைகள் கீழே இறங்கின. முழங்கை என் விலாவோடு ஒட்டி நின்றது. விரல்கள் பொத்தான்கள் மேல் போய் உட்கார்ந்தன. எதையும் நீட்ட வேண்டியிருக்கவில்லை. சின்ன விரல் ஓரத்துப் பொத்தானைத் தொட்டபோதும் நடுவிரல் தன் வீட்டிலேயே இருந்தது. ஒரு பக்கம் முடிந்தது. இன்னொரு பக்கம். மகள் விழித்து என் மூக்கைப் பிடிக்கும் வரை நான் நிறுத்தவில்லை. எனக்கு எங்கேயும் வலிக்கவில்லை.

அப்போதுதான் புரிந்தது. என் வலிக்குக் காரணம் நெருக்கம் இல்லை, ராக்கை. நெருக்கம் எனக்கு வசதி. என் கை சின்னது, அவ்வளவுதான்.

கணவரைக் கூப்பிட்டு உள்ளங்கையோடு உள்ளங்கை வைத்துப் பார்த்தேன். அவர் விரல் என் விரலுக்கு மேலே ஒரு கணு நின்றது. "இந்தக் கை எனக்கு இருந்தா அந்தக் கடை கீபோர்ட் சரியா இருக்கும்" என்றேன்.

"அப்ப நான் போய் டைப் பண்ணவா?"

மாமியார் வாசலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். மழைக்குப் போட அவருக்குக் கிடைத்திருக்கிற பூட்ஸ் ஆண்கள் அளவு. முன்னால் பேப்பர் திணித்துத்தான் போடுவார். "எல்லாம் எவனோ ஒருத்தன் ஒடம்ப அளந்துதான் செய்யிறான்" என்றார். பிறகு வாளியைப் பார்த்தார். "அது என்னா, பால்வாளிய மேசையாக்கிட்ட?"

"இன்னைக்கு மட்டுங்கத்தை."

"நான் ஒன்னும் சொல்லல."

என்னுடைய கீபோர்டையே கடைக்குக் கொண்டுபோவது என்று முடிவு செய்தேன். செய்துவிட்டு மூன்று தடவை மாற்றினேன். அடுத்தவர் கடைக்குள் நம் சாமானைக் கொண்டுபோய் மாட்டுவது மரியாதையா? கடைசியில், கொண்டுபோவதென்றால் இப்படிப் பொக்கை வாயோடு கொண்டுபோக முடியாது என்று கணவரிடம் சொன்னேன்.

"அவ்வளவுதானே, ஒட்டித் தந்துட்டாப் போச்சு" என்றார்.

எதை வைத்து என்று நான் கேட்டிருக்க வேண்டும். பின்னேரம் பார்த்தபோது எல்லாப் பொத்தானும் அதனதன் இடத்தில் இருந்தன. "காய்ற வரைக்கும் தொடாத, நாளைக்குக் கடையில போய்த் தொடு" என்றார். சொன்னதைக் கேட்கிற மனைவி நான். தொடவில்லை.

புளித்த வாடை

இனி கடைக்குத் திரும்புவோம். மாத்தயா இன்னும் கீபோர்டுக்கு அம்மாவைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

"ஒரே ஒரு தடவை இதுல அடிச்சிக் காட்டுறேன் மாத்தயா. சரி வராட்டி நான் போயிடுறேன்" என்றேன். இந்தத் தடவையும் தாள் பொருந்தாவிட்டால் மூன்றாவது தடவை என்று ஒன்று கிடையாது. வீட்டில் கவிழ்ந்திருக்கிற பால்வாளி நிமிர்ந்துவிடும்.

"ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் சரி சொன்னார். "மாட்டுங்க."

கம்ப்யூட்டரில் ஏதோ வேலை செய்துகொண்டிருந்தார். அதன்மேல் ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து தந்தார். உட்காருகிற நாற்காலி தாழ்வாக இருந்ததால், கீபோர்டை மேசையில் வைக்காமல் பையைத் தட்டையாக்கி மடியில் வைத்து அதன்மேல் வைத்துக்கொண்டேன். மூச்சை இழுத்து முதல் எழுத்தை அடித்தேன்.

வெள்ளைப் பக்கம் மூடிக்கொண்டது.

அடியில் மாத்தயா செய்துகொண்டிருந்த வேலை தெரிந்தது. புத்தாண்டு விளையாட்டுப் போட்டிக்கான அதிர்ஷ்டச் சீட்டுகள், பக்கம் பக்கமாக. பதறி இன்னொரு எழுத்தை அடித்தேன். ஒரு பெட்டி வந்து நின்று ஏதோ கேட்டது. அதை அனுப்பிவிடலாம் என்று எண்டரை அடித்தேன்.

பின்னால் பிரிண்டர் தொண்டையைச் செருமியது. பிறகு அதிர்ஷ்டச் சீட்டுகள் வரத் தொடங்கின.

"அனே! எபா, எபா!" மாத்தயா வேண்டாம் வேண்டாம் என்று கத்திக்கொண்டு ஓடினார். அந்தச் சின்னக் கடைக்குள் அவ்வளவு பெரிய மனிதர் ஓடினால் நாற்காலி, குப்பைக்கூடை எல்லாம் கூடவே ஓடும். நான் நிறுத்துவதற்காக இன்னும் இரண்டு பொத்தானை அடித்தேன். திரையில் எல்லாம் நீல நிறமாகி, அதற்கு அடுத்த தட்டில் காணாமலே போயிற்று. மாத்தயா சுவரில் இருந்த பிரிண்டர் சுவிட்சை அணைத்தார். தரையெல்லாம் சீட்டு. கொப்பி எடுக்க வந்தவர் ஒன்றைப் பொறுக்கி, "பரிசு என்னா?" என்று கேட்டார்.

நான் சீட்டுகளைப் பொறுக்கக் கை நீட்டினேன். குனிந்தபோதுதான் பார்த்தேன். இடது பக்கக் கீழ் மூலையில் ஒரு பொத்தான் மட்டும் அமுங்கிப்போய்க் கிடந்தது. எந்த எழுத்தோடு சேர்த்து அழுத்தினாலும் அதை ஓர் உத்தரவாக மாற்றுகிற பொத்தான் அது, கண்ட்ரோல். அது மேலே வராமல் அமுங்கியே இருந்ததால், நான் அடித்ததெல்லாம் கம்ப்யூட்டருக்கு உத்தரவாகப் போயிருக்கிறது. மூடு, அச்சடி, எல்லாவற்றையும் பிடி, அழி. வாழ்க்கையில் யாருக்கும் உத்தரவு போட்டிராத நான் ஒரு நிமிஷத்தில் அவ்வளவு உத்தரவு போட்டிருக்கிறேன்.

நகத்தைக் கொடுத்துப் பொத்தானை நெம்பினேன். அது மேலே வந்தது. அதனோடு வெள்ளையாக, நூல் நூலாக, இழுக்க இழுக்க நீண்டுகொண்டு ஒன்றும் வந்தது. புளித்த வாடை கடை முழுக்கப் பரவியது.

மாத்தயா மூக்கைச் சுருக்கினார். குனிந்து அந்த நூலைத் தொட்டுப் பார்த்தார்.

"நங்கி. இது ரப்பர் கிரி நேத?"

"ஆமாங்க மாத்தயா. ரப்பர் பால்தான்."

"யார் போட்டது?"

"என் ஊட்டுக்காரர். பொத்தான் ஒட்டுறதுக்கு."

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பிறகு ஒரு சத்தம் கேட்டது. பிரிண்டர் மறுபடி தொடங்கிவிட்டது என்று பயந்து நிமிர்ந்தால், அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அவருடைய அப்பாவுக்கும் ரப்பர்க் காணி இருந்ததாம். ஸ்கூல் போகிற காலத்தில் அறுந்த செருப்பைப் பாலால் ஒட்டிக்கொண்டு போய், வகுப்புத் தரையோடு ஒட்டிப்போய் நின்றாராம். "டீச்சர் எந்திரின்னு சொல்லுறா, எனக்கு எந்திரிக்க ஏலாது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிடுங்கிய பொத்தானை மேசை மேல் வைத்தார். "இப்ப அடிங்க."

இரண்டு தாள்

அந்த ஓட்டையோடு அடித்தேன். விரல்கள் மட்டை மூடியின் மேல் இருப்பதாக நினைத்துக்கொண்டேன். பெரிய கீபோர்டில் மலை ஏறி இறங்கிய விரல்கள் இதில் காம்பராவுக்குள் நடமாடுவது போல நடமாடின. எங்கே கைநீட்டினாலும் எட்டியது.

மாத்தயா அச்செடுத்து, இரண்டு தாளையும் சேர்த்து டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தார். நீண்ட நேரம் பிடித்திருந்தார். எனக்கு அங்கிருந்து ஒன்றும் தெரியவில்லை. அவர் கைதான் மறைத்தது.

"ஒரு ஆள் போல இருக்கு" என்றார்.

நான் மூச்சு விட்டேன். அவர் அதோடு நிறுத்தவில்லை.

"ஆனா நங்கி, கடைக்கு ஒரு கீபோர்ட் தானே? நான் இந்தப் பக்கம் சிங்களம் அடிக்கிறது, நீங்க இந்தப் பக்கம் தமிழ் அடிக்கிறது. ஒவ்வொரு தரமும் மாத்த ஏலுமா? நீங்க பெருசுல பழகுங்க."

சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எனக்குச் சரி என்பது தானாக வரும். ஆனால் மணிக்கட்டு ஞாபகம் வந்தது. விரல் நீளும் என்று நம்பி மட்டையில் தட்டிய அந்த வருஷமும் ஞாபகம் வந்தது.

"மாத்தயா, நீங்க இதுல உங்க பேர அடிச்சிப் பாருங்க" என்றேன்.

வாழைப்பழம் போன்ற ஒரு விரலைக் கீபோர்டில் வைத்தார். இரண்டு எழுத்து விழுந்தது. சின்ன விரலால் முயன்றார். அப்போதும் இரண்டு. நகத்தின் நுனியால் குத்தினார், கோழி கொத்துவது போல. திரையைப் பார்த்தார். அவருடைய பேர் அவருக்கே தெரியவில்லை.

"பழகினாச் சரியாயிடுங்களா மாத்தயா?" என்று கேட்டேன். இவ்வளவு வாய் எனக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியாது.

கொப்பி எடுக்க வந்தவர் முதலில் சிரித்தார். பிறகு மாத்தயாவும்.

"ஹரி. தமிழுக்கு உங்கட எலி. சிங்களத்துக்கு எண்ட யானை. ரெண்டையும் மாட்டி வைக்கிறேன்." பிறகு விரலை நீட்டி, "ரப்பர் கிரி மட்டும் எபா" என்றார்.

வெளிச்சம்

வேலை கிடைத்தது என்று சொன்னதும் என் கணவர் கேட்ட முதல் கேள்வி, "கிளியரிங் உதவிச்சா?" என்பதுதான்.

கண்ட்ரோல் பொத்தானை மறுபடி பொருத்தாமல் ஓட்டையாகவே விட்டிருந்தேன். அவர் அந்த ஓட்டையைத் தடவிப் பார்த்து, தன்னால்தான் எல்லாம் என்று லயம் முழுக்கச் சொல்லிவிட்டார். "ஒன்னு எடுத்ததும் மத்ததெல்லாம் எப்படி வெளிச்சம் புடிச்சிருச்சு பாரு." நான் மறுக்கவில்லை. மறுக்காமல் விட்டது பொய்யாகுமா என்று சில நாள் யோசித்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

மாமியார் ஓய்வு பெற்றுவிட்டார். வாளியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, "அது எனக்கென்னாத்துக்கு?" என்றார். அன்று பின்னேரம் பார்த்தால் அதைக் கவிழ்த்து, ஆடாமல் இருக்க அடியில் சாக்கு மடித்து வைத்து, ரொட்டிப் பலகைக்குப் பதிலாக ஒழுங்கான ஒரு பலகையும் போட்டு வைத்திருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

கடைக்கென்று மாத்தயா இன்னொரு எலிக் கீபோர்டை வாங்கிவிட்டார். பழையது வீட்டோடு இருக்கிறது. இந்தத் தொடரை லீவு நாட்களில் நான் எழுதுவது அந்த வாளியின் மேல்தான்.

போன ஞாயிறு காலை மகள் எனக்கு முன்னே விழித்துவிட்டாள். மூக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு எங்கோ போனாள். நான் எழுந்து வந்து பார்த்தபோது, கீபோர்டின் மூலை ஓட்டைக்குள் ஒரு ரப்பர் விதையை வைத்து, கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தாள். அப்பாவின் நர்சரியில் பார்த்திருக்கிறாள்.

அவர் வந்து குனிந்து பார்த்தார். தலையைச் சாய்த்து இரண்டு பக்கத்துப் பொத்தான்களையும் பார்த்தார்.

"இது முளைக்கணும்னா எடம் பத்தாதே கலா."

"பத்தும்" என்றேன்.